வெட்டுபவருக்கு ஒரு பங்கு

மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்து வாழும் பொருளாதாரம் எங்கிருந்து தொடங்கியது என்பதுதான் என் முதுகலை ஆய்வு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

மலேசியாவின் கோத்தா திங்கியில் எங்கள் தோட்டக் குடியிருப்பில் தீபாவளிக்குப் பல வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு வாங்கும். வெட்டிக் கூறு போடுபவர் என் அப்பா. அதற்காக அவருக்கு ஒரு பங்கு இலவசம். அந்தக் கறிக்குழம்பின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆய்வுக்காகப் பழைய பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தேன். "வெட்டுறவங்களுக்கு ஒரு பங்குன்னு யாரு அக்கா முடிவு பண்ணது?"

"நாங்கதான்லா. உங்கப்பாவுக்கு வேலை போச்சே, அந்த வருஷம். சும்மா குடுத்தா அந்த மனுஷன் வாங்குவாரா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு!"

வீடு திரும்பியதும் அப்பா ஆவலாகக் கேட்டார். "என்னப் பத்தி என்னம்மா சொன்னாங்க?"

"உங்களாட்டம் யாராலயும் சரியா கூறு போட முடியாதாம்ப்பா."

சிரித்தார். ஆய்வேட்டில் அந்த வழக்கத்தை எழுதினேன். யாருக்காகத் தொடங்கியது என்பதை எழுதவில்லை. ஒரு தோட்டமே இத்தனை வருடம் காத்ததை நானும் காக்க வேண்டாமா?