பிடித்துக்கொள்ளும் வேலை

நகராட்சி விலங்குக் காப்பகத்தில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். உண்மையில் ஊசியை அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. போடுவது டாக்டர், பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒரு கை நாயின் தாடைக்கு அடியில், இன்னொரு கை முன்னங்காலில், நரம்பு புடைக்கிற மாதிரி. பிடி இறுகினால் நாய் மிரளும், தளர்ந்தால் ஊசி விலகும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கிறது. சேர்ந்த புதிதிலேயே அது அவளுக்குக் கைவந்துவிட்டது. கைவந்த பாவத்துக்கு அந்த வேலை அவள் தலையிலேயே நிரந்தரமாக விழுந்தது.

பிடித்திருக்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. நல்ல புள்ள இல்ல நீ. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்." டாக்டர் தலைநிமிராமல் வேலையை முடிப்பார். முடிந்ததும் கைகழுவப் போவார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்கும்.

காப்பகம் முன்பு லாரி நிறுத்தும் கொட்டகையாக இருந்த இடம். தகரக் கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு வரிசைக் கூண்டுகள். தெருவில் பிடிபட்டவை, வீடு மாறிப் போனவர்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனவை, குட்டிகளோடு வந்து சேர்ந்தவை என்று எல்லாம் அங்கே வரும். கூண்டுகள் நிறைந்துவிட்டால் 'இடம் பண்ண' வேண்டும். ஊசி போட்டுக் கொல்வதற்கு அங்கே புழங்கிய சொல் அதுதான். நோய் முற்றியது, வயதானது, கடிப்பது, கேட்பாரில்லாமல் நெடுநாள் கிடப்பது என்று வரிசையாக இடம் பண்ணினார்கள்.

அவள் கணவர் வீட்டுச் சாமான் ஏற்றும் வேன் ஓட்டுபவர். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனிதர். "உன் கையில மாட்டினா நான்கூட குரைக்காம படுத்துடுவேன்" என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் அதற்குச் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவர் அதைச் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு தங்கை. இருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த முகம். அதே அகன்ற நெற்றி, அதே இடத்தில் விழும் கன்னக்குழி. தங்கை மருந்துக் கடையில் வேலை செய்தாள். அடிபட்ட நாய்களைத் தூக்கி வந்து வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாள். கூடவே நாலைந்து பேர் சேர்ந்துகொள்ள, அது ஒரு குழுவானது. குழுவுக்கு ஒரு பெயரும், நோட்டீஸின் தலைப்பில் ஒரு பச்சைப் பட்டையும் வந்தன. ஒருநாள் அந்தக் குழு காப்பகத்தின் கேட்டுக்கு முன்னால் வந்து கோஷம் போட்டது. சுவரில் 'கொலைக்கூடம்' என்று கறுப்புப் பெயின்டில் யாரோ எழுதினார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் அக்கா நிற்பதைத் தங்கை பார்த்தாள். பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்பளத்துக்கு உயிர் எடுக்கிறவங்க" என்றாள்.

"நீ காப்பாத்துற நாலுக்கு போட்டோ போட்டுக்கிற. மீதியெல்லாம் யாரு கையில சாகுதுன்னு என்னைக்காவது கேட்டியாடி?" என்றாள் அக்கா.

அதோடு பேச்சு நின்றது. அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒருத்தி உள்ளே வந்தால் மற்றவள் எழுந்து வெளியே போனாள். மகள்கள் இருவரையும் ஒருசேரப் பார்க்காமலே அவர் கண்ணை மூடினார்.

அந்த ஊரில் இன்னொரு குழுவும் இருந்தது. கணக்கு டியூஷன் எடுக்கும் ஒரு மனிதர் அதை நடத்தினார். சட்டை முழுக்கப் பூனை முடியோடு திரிவதால் அவரை எல்லோரும் பூனை சார் என்றார்கள். தெருநாய்க் கருத்தடை முகாமுக்கு அவர் பேசி வைத்திருந்த மண்டபத்தைத் தங்கையின் குழு முந்திக்கொண்டு வாங்கிவிட்டது என்று அவருக்குத் தீராத கோபம். காப்பகத்தின் மேலும் அவருக்கு நல்ல எண்ணம் கிடையாது. மூன்று பேருக்கும் இருந்தது அதே தெரு, அதே நாய்கள்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரு கோடைமழை நாளில் இடி இடித்து ஓய்ந்த பிறகு, ஒரு கிழட்டு நாயைக் கொண்டுவந்தார்கள். நரைத்த மூஞ்சி, மடிந்து போன ஒரு காது, பால் படர்ந்த ஒரு கண். கழுத்தில் பட்டை இல்லை. கையை உயர்த்தினால் உடனே உட்கார்ந்தது. சாப்பாட்டுத் தட்டை வைத்தால், சாப்பிடச் சொல்லட்டும் என்று முகத்தைப் பார்த்தது.

"இது வீட்டு நாய் சார். யாராவது தேடிக்கிட்டு இருப்பாங்க" என்றாள் அவள் டாக்டரிடம்.

"தேடுறவங்க வருவாங்கம்மா. கேட் தெறந்துதான இருக்கு."

யாரும் வரவில்லை. விதியில் சொன்ன நாட்களைவிடக் கூடுதலாகவே அதை வைத்திருந்தார்கள். பிறகு ஒரு தாய்நாயும் அதன் குட்டிகளும் வந்தன. கூண்டு இல்லை. டாக்டர் கிழட்டு நாயின் கூண்டைப் பார்த்தார். அவள் போய்க் கதவைத் திறந்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டே கூட நடந்து வந்தது. மேஜையில் ஏற்றியதும், பல காலம் பழகியதுபோல, தாடையை அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் ஒருவர் வந்தார். சந்தைத் தெருவில் சலூன் வைத்திருப்பவர். மனைவி இறந்த பிறகு கடையும் நாயும் என்றே இருந்தவர். கையில் ஒரு கழுத்துப் பட்டை. இடிச் சத்தத்தில் மிரண்ட நாய் தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டது என்றார். சொல்லிக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தார். நாள் முழுக்க முகங்களையே பார்க்கிற தொழில்.

"உங்கள நான் பாத்திருக்கேனேம்மா. மருந்துக் கடையில... இல்ல, அது நீங்க இல்ல. அவங்கதான் எனக்கு நோட்டீஸ் அடிச்சு ஒட்டினாங்க. இங்க மட்டும் போகாதீங்க, போனா மனசு ஒடஞ்சி போயிடும், உயிரோட இருந்தா எங்க கண்ணுல பட்டுடும்னு சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். மடிந்த காது. பால் படர்ந்த கண். மேலே பச்சைப் பட்டை.

அவளுக்கு அந்தத் தாளைத் தெரியும். அவள் தினமும் இறங்குகிற பஸ் நிறுத்தத்தின் தூணில் ஒட்டியிருந்தது. பச்சைப் பட்டை தெரிந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வது அவளுக்குப் பழக்கம். இந்தத் தாளையும் அப்படித்தான் போகும்போதும் வரும்போதும் தாண்டிப் போயிருந்தாள்.

ஆபீஸ் அறையில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தானே சொன்னாள். நேற்று என்று சொன்னாள்.

சலூன்காரர் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு கேட்டார்: "கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் இருந்தேன்."

"பயந்தானா?"

"இல்லங்க. பயப்படல."

"ஆமா. இடிக்குத்தான் பயப்படுவான்."

பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பியவர் திரும்பி நின்றார். "அவங்க உங்க தங்கச்சிதானே? அதே முகம். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசியிருக்கலாமேம்மா" என்றார். அதில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. கோபப்பட்டுத் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அன்று சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். கதவு திறப்பதற்குள் உள்ளே ஒரு படையே குரைத்தது. தங்கை கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"என்ன?"

"சலூன்காரரோட நாய் எங்ககிட்டதான் இருந்துச்சு."

தங்கையின் முகம் மலர்ந்தது. "இருக்கா? ஐயோ, அந்த மனுஷன் சாப்பிடக்கூட மாட்டேங்கிறாரு. இரு, போன் பண்ணிடறேன்." உள்ளே திரும்பியவள் நின்றாள். "இருந்துச்சுன்னா?"

அக்கா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் அங்க போகாதீங்கன்னு சொன்னேன்" என்றாள்.

"நான் அந்த நோட்டீச தெனமும் பாத்தேன். ஒங்க பச்சைய பாத்ததும் படிக்காம போயிட்டேன்."

உள்ளே நாய்கள் குரைத்துச் சலித்து ஓய்ந்தன. அக்காவும் படியில் உட்கார்ந்தாள். இருவரும் அழுதார்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் யாரும் அழவில்லை. வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"காலையில கூண்டு கழுவுறப்ப ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து ஒனக்கு அனுப்புறேன். தேடி வர்றவங்களுக்குக் காட்டு. மத்ததுல எது முடியுமோ எடுத்துக்கோ" என்றாள் அக்கா.

"எங்க வைக்கிறது? இங்க எனக்கே கால நீட்டிப் படுக்க எடமில்ல."

"பூனை சாருக்கு மொட்டை மாடி இருக்கு."

"அந்த ஆள்கிட்டயா? செத்தாலும் போகமாட்டேன்."

"நானே ஒன்கிட்ட வந்துட்டேன்டி."

தங்கை போனாள். பூனை சார் முதலில் மண்டபக் கதையை ஆதியிலிருந்து சொல்லி முடித்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "தப்பு எங்க மேலதான் சார். இனிமே மண்டபம் ஒங்களுக்கே" என்றாள் அவள். சண்டைக்குத் தயாராக இருந்தவர், "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் காப்பகத்தில் கூடியபோது, பூனை சார் கேட்டைத் தாண்டி உள்ளே வர மறுத்து வெளியே நின்றார். டாக்டர் வெளியே போனார். "நான் இதுக்காகவா சார் படிச்சேன்? ஒதவி வேணும்னு ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா ஒங்க வாயில விழணுமேன்னு பயம்" என்றார். பூனை சார் செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

அதன் பிறகு நடந்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காலையில் படங்கள் எல்லோருடைய போனுக்கும் போயின. குட்டி போட்டவை பூனை சாரின் மாடிக்கும், வயதானவை தங்கையின் தோழிகள் வீடுகளுக்கும் போயின. மண்டபத்தில் வாராவாரம் டாக்டர் கருத்தடை செய்தார். வீடு மாறிப் போகிறவர்களிடம், கட்டிவிட்டுப் போகாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று குழுவினர் தெருத்தெருவாகச் சொன்னார்கள். நாய்களை ஏற்றிப் போனது அவள் கணவரின் வேன். "சோபா ஏத்துற வண்டிதான். நாயும் உக்காரும், சோபாவும் உக்காரும். என்ன, சோபா வாந்தி எடுக்காது" என்பார்.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போகவில்லை. மாடியில் ஒரு தடவை நோய் புகுந்து குட்டிகள் வரிசையாகச் செத்தன. யார் கொண்டுவந்தது என்று பழைய சண்டை மறுபடி தலைதூக்கியது. தங்கையின் குழுவில் பாதிப் பேர், கொலைக்கூடத்தோடு கைகோத்துவிட்டாய் என்று விலகினார்கள். ஆனாலும் கோடை போய் மறு கோடை வந்தபோது 'இடம் பண்றது' என்ற சொல்லே அங்கே வழக்கொழிந்திருந்தது. ஊசி போடுகிற உள்ளறை மேஜை மீது மருந்துப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வலியில் துடிப்பதும் பிழைக்க வழியில்லாததும் வந்தால் மட்டும் பெட்டிகளை இறக்கினார்கள்.

நகராட்சியில் ஒரு கூட்டம் போட்டு எல்லோரையும் பாராட்டினார்கள். டாக்டர் பேசினார், பூனை சார் நீளமாகப் பேசினார். அவளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தவள், "இவ்வளவு சுலபமா இருந்திருக்கு" என்றாள். கூட்டம் கைதட்டியது. "அதத்தான் என்னால தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பத்து விரலிலும் சூடு உணர்ந்து வழியனுப்பிய நாய்கள் அவளுக்கு நினைவில் இருந்தன. எத்தனை என்று கேட்டால் தெரியாது, முகங்கள் தெரியும். ஒரு போட்டோ அனுப்பியிருந்தால் இன்று யார் வீட்டு வராந்தாவிலோ படுத்திருக்கக்கூடிய முகங்கள். மற்றவர்கள் காப்பாற்றியதைப் பேசிச் சந்தோஷப்படும்போது அவளால் அதில் சேர முடியவில்லை.

ஒரு தடவை, சாதுவான ஒரு கிழ நாயைக் கூட்டிக்கொண்டு சலூனுக்குப் போனாள். சலூன்காரர் குனிந்து அதன் தலையைத் தடவினார். நெடுநேரம் தடவினார். "வேணாம்மா. கோவமெல்லாம் இல்ல. ஆனா ஒங்க கையில இருந்து வேணாம்" என்றார். அவள் கணவர் இன்றைக்கும் அங்கேதான் முடிவெட்டிக்கொள்கிறார். வந்ததும் அவள் கேட்பாள்: "என்னப் பத்தி விசாரிச்சாரா?"

"இல்ல. மழைய பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

அவள் ஓய்வுபெறும் வருடத்தில், லாரிச் சக்கரம் ஏறிய ஒரு பெண் நாயைத் தங்கையே தூக்கிக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெட்டிகளை இறக்கினார்கள். வழக்கமாக இந்த இடத்தில் தங்கை வெளியே போய்விடுவாள். அன்று போகவில்லை.

"எப்படிக்கா பிடிக்கணும்?"

அக்கா அவள் கையை எடுத்துத் தாடைக்கு அடியில் வைத்தாள். "இறுக்காத. பேசு."

"என்ன பேசுறது?"

"எதையாவது. ஒன் கொரல் கேட்டாப் போதும்."

தங்கை, "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நாயின் மூச்சு நின்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காதான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வெளியே பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள் தங்கை. "இத நீ தனியாவா செஞ்சிக்கிட்டிருந்த, இத்தன வருஷம்? நான் கேட்டுக்கு வெளிய நின்னு கத்திக்கிட்டிருந்தேன்."

"கத்துனது தப்பில்லடி. கத்திட்டு உள்ள வந்திருக்கலாம். நானும் கேட்டத் தெறந்துக்கிட்டு வெளிய வந்திருக்கலாம்."

கூண்டுகளின் பக்கம் சாப்பாட்டு நேரக் குரைப்பு தொடங்கிவிட்டது. அக்கா எழுந்து தட்டுகளை எடுக்கப் போனாள். தங்கை கையைத் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.