மொஹிங்கா தேடி ஓடிய காலை

என் மனைவி தேவிக்கு இது மூன்றாவது மாதம். தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. இன்றும் வயிற்றில் எதுவும் தங்காவிட்டால் அட்மிட் செய்து ட்ரிப்ஸ் ஏற்றவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "ரங்கூன்ல சாப்பிட்டோமே, மொஹிங்கா. அது கிடைக்குமா?"

கல்யாணமான புதிதில் சுற்றிப் பார்க்கப் போன ஊர். மீனும் வாழைத்தண்டும் போட்ட குழம்பில் நூடுல்ஸ். அங்கே தினமும் அதுதான் எங்களுக்குக் காலைச் சாப்பாடு.

இங்கே சிட்னியில், பிளாக்டவுன் பக்கம் ஒரு பர்மியக் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். மொஹிங்கா தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்றார் கடைக்கார அம்மா.

"நாளைக்கு அவ ஆஸ்பத்திரியில இருப்பாம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு அவள் மாசமாக இருப்பதையும் எதுவும் வயிற்றில் தங்காததையும் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் உள்ளே போய், தனக்கென்று எடுத்து வைத்திருந்ததை ஒரு டப்பாவில் ஊற்றிக் கொண்டுவந்தார். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியச் சொன்னார். அவர் மாசமாக இருந்தபோதும் அப்படித்தான் இறங்கியதாம்.

தேவி ஒரு வாய் சாப்பிட்டாள். நான் வாளியைப் பிடித்தபடி நின்றேன். இன்னொரு வாய். ஒன்றும் ஆகவில்லை. பாதி டப்பா காலியானதும் நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இப்போது எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கு அத்தோ வேணும். சென்னையில பீச் ஸ்டேஷன்கிட்ட தள்ளுவண்டியில பர்மா நூடுல்ஸ் கலந்து போடுவாங்களே, அதே மாதிரி" என்கிறாள்.

சிட்னியில் அத்தோ போடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். விடிந்ததும் உங்கள் வாசலில் நிற்பேன்.