தோள் கற்றுக்கொண்ட சாக்கு

தொட்டிலிலிருந்து ஒரு குழந்தையைத் தூக்கும்போதுதான் அது முதலில் நடந்தது. வலது தோளுக்குள் ஏதோ வழுக்கியது. வலி பிறகுதான் வந்தது. அதற்கு முன் கை என்னுடையதாக இல்லாமல் போயிருந்தது. பக்கத்தில் சுவர் இருந்தது. குழந்தையைச் சுவரோடு மார்பால் அணைத்து, இடது கையால் மெல்லப் பாயில் இறக்கினேன். விளையாட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

மைசூரில் மண்டி மொஹல்லாவில் உள்ள ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நான் ஆயா. பெற்றோர் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைத் தூக்குவதும் இறக்குவதும்தான் என் வேலை. சுவர் இல்லாத இடத்தில் இது நடந்திருந்தால்? அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

காப்பகத்து மேடத்திடம் சொன்னேன். குணமாகும்வரை பால்புட்டி கழுவச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். தூக்க முடியாத ஆயாவை எவ்வளவு காலம் வைத்துக்கொள்வார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எங்களோடு இருக்கும் என் நாத்தனார், கணவரின் அக்கா, அதைக் கேட்டுச் சொன்னார்: "படத்துலயே ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. பின்ன என்ன, வேல செய்யாம இருக்க ஒரு சாக்கு."

எலும்பு மருத்துவர் என் கட்டைவிரலைப் பின்னால் மடக்கினார். அது முன்கையைத் தொட்டது. நிற்கச் சொன்னார். முட்டி பின்பக்கமாக வளைந்தது. சிறு வயதிலிருந்தே இப்படியா என்று கேட்டார். ஆமாம், பள்ளியில் எல்லோருக்கும் செய்து காட்டுவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்கு மூட்டு மிகைத்தளர்வு (மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது) என்று பெயர். எலும்பை எலும்போடு கட்டும் நார்கள் பிறவியிலேயே தளர்ந்திருக்கின்றன. தோள் பாதி நழுவித் தானே திரும்பிவிட்டதால் படத்தில் தெரியவில்லை. நாரை இறுக்க மருந்து இல்லை, சுற்றியுள்ள தசைகளைப் பலப்படுத்துவதுதான் வழி என்று சொல்லி, இயன்முறை சிகிச்சைக்கு (உடற்பயிற்சியால் செய்யும் வைத்தியம்) அனுப்பினார்.

பயிற்சி கொடுத்தவர் கன்னடப் பெண். முதல் நாள் கையை மெல்ல உயர்த்தச் சொன்னார். தோள் உயரம்கூட வரவில்லை, அதற்குள், "சாக்கு, ஆன்ட்டி" என்றார்.

கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று பொருள். இருபது வருடமாகக் கேட்கும் சொல். ஆனால் அன்று என் காது அதைத் தமிழில் கேட்டது. கண் நிறைந்துவிட்டது. "நான் சாக்கு சொல்லல மேடம், நிஜமாவே வலிக்குது" என்றேன், தமிழிலேயே.

அவருக்குப் புரியவில்லை. கன்னடத்தில் விளக்கினேன். அவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். மறுபடி கையை உயர்த்தினேன். அதே இடத்தில், "சாக்கு."

"இன்னூ ஹோகுத்தே, மேடம்." இன்னும் போகும் என்றேன்.

"ஹோகுத்தே. அதே ப்ராப்ளம்." போகிறதே, அதுதான் பிரச்சினை.

பிறகு நேராக நிற்கச் சொன்னார். நின்றேன். முட்டிக்குப் பின்னால் கைவைத்துச் சற்று முன்னால் தள்ளினார். முட்டியை மடக்கி நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் அதுதான் நேர். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பயந்தேன். நேர் எது என்பதே தெரியாத உடம்பை நம்பி யார் குழந்தையைக் கொடுப்பார்கள்?

பயிற்சிகளைப் பார்த்தால் பயிற்சி என்றே தோன்றாது. தோள் அசையாமல் முஷ்டியால் சுவரை அழுத்த வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, எங்கே நிற்கிறது என்று ஊகிக்க வேண்டும். நாத்தனார் வாசலில் நின்று பார்த்தார். "என்ன செல்வி, சுவத்துக்கு முட்டுக் குடுக்கிறியா? விழுந்துடும்னு சொன்னாங்களா?"

கொஞ்சம் தேறியதும் கொடியில் காய்ந்த போர்வையை வெடுக்கென்று இழுத்தேன். தோள் மறுபடி நழுவியது. எல்லாம் வீண் என்று பயிற்சிக்காரரிடம் அழுதேன். இனி நழுவவே நழுவாது என்று அவர் உறுதி சொல்லவில்லை. முன்பைவிடக் குறையும் என்றார். உங்களுக்கும் இதே தொந்தரவு என்றால், அந்தப் பதிலை ஏற்கத்தான் நாளாகும். கட்டைவிரல் வித்தையை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் நீட்டினால் சரியாகும் என்பவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள்.

மழைக்காலம் போன பிறகு அவர் அரிசிப் பையை வைத்துத் தூக்கப் பழக்கினார். மண்டியிட வேண்டும், முழங்கை விலாவை விட்டுப் போகக் கூடாது, பாரம் நெஞ்சோடு ஒட்டி வர வேண்டும்.

சில நாள் முன்பு மேல் தட்டிலிருந்த டப்பாவுக்குக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து நாத்தனார், "சாக்கு, நான் எடுக்கறேன்" என்றார். எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

காப்பகத்தில் மேடம் பார்த்துக்கொண்டிருக்க, அதே குழந்தையைத் தூக்கினேன். இப்போது நடக்கிறாள், கனமாகிவிட்டாள். மண்டியிட்டேன். அவளாகவே வந்து என் நெஞ்சில் ஒட்டும்வரை காத்திருந்தேன். முன்பு தூக்குவது ஒரு நொடி வேலை. இப்போது அந்த நொடிக்குள் நிறைய இடம் இருக்கிறது: முழங்கையை ஒடுக்க, முட்டியைக் கவனிக்க, தோள் என்ன சொல்கிறது என்று கேட்க. பாதி எழுந்தபோது தோள் போதும் என்றது. அங்கேயே நின்று, அவளை இன்னும் நெருக்கி அணைத்து, பிறகு எழுந்தேன்.

மேடம் அடுத்து வந்த குழந்தையின் பையை என்னிடம் நீட்டினார்.

பயம் போகவில்லை. இன்றும் சுவர் ஓரமாகத்தான் தூக்குகிறேன்.