பென்சில் தட்டும் மனிதர்

கங்கையம்மாளின் கண்ணிலிருந்து ஊரில் ஒருத்தரும் தப்பியதில்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். இவளோ, பால் கெட்டியாக இருக்கும் நாளில்தான் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்பாள். கோயிலில் கொடுக்கும் புளியோதரையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் புருஷன் மாணிக்கவாசகம். பிள்ளையார்பாளையத்தில் இருவருக்கும் ஒரே தறி. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் அவர் உட்காருவார். வலது ஓரத்தில் கரைநூல் சுற்றிய மர நாடாவை இழைகளுக்கு நடுவே ஓட்டுவது இவள். தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. இழை தப்பினால் நாடாவால் தறிக்கட்டையில் ஒரு தட்டு தட்டுவாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். போட்டதைப் பிரித்து மாற்றிப் போடுவார். கல்யாணமான புதிதிலிருந்தே அவர்களுக்குள் அப்படித்தான்.

எழுபத்தெட்டில் ஜவுளிக்கடை ஜான் பாஷா வீட்டுக்கு டி.வி. வந்தது. மாடியில் உயரமான கம்பம் நட்டு மெட்ராஸ் பக்கம் திருப்பி வைத்தார்கள். வாராவாரம் வினாடி வினா நிகழ்ச்சிக்குத் தெருவே அங்கே கூடிவிடும். கோட்டு போட்ட ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்பார். படத்தில் பாதி நேரம் புள்ளிகள்தான் தெரியும், ஆனாலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று கங்கையம்மாள் முதல் வாரமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தீர்ப்புச் சொன்னவள் அதற்கப்புறம் ஒரு வாரமும் தவறவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்கத்தான் வருகிறாளாம். விளம்பரத்துக்குக்கூடக் கண்ணை எடுக்காத அவளைப் பார்த்து, பாஷாவின் மனைவி உம்முசல்மா முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள்.

கடைசியில் கண்டுபிடித்தும் விட்டாள். பதில் தப்பானால் கோட்டுக்காரர் கையிலிருக்கும் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுகிறார்! புரிந்துகொண்டவர்கள் பதிலை மாற்றிச் சொல்லி ஜெயிக்கிறார்கள். தட்டு என்றால் என்னவென்று கோர்வைக்காரிக்குத் தெரியாதா?

மாணிக்கவாசகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு அந்த நிகழ்ச்சியின் மேல் பைத்தியம். நூலகத்துப் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டு, டி.வி. முன்னால் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே பதில் சொல்வார். ஒரு தடவையாவது அங்கே உட்கார்ந்து, தறிக்காரனுக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிவிட வேண்டும். அவருடைய ஆசையெல்லாம் அதுதான். போஸ்ட் கார்டு போட்டுக்கொண்டே இருந்தார், ஒருநாள் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ் ஏறும்போது கங்கையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தட்டுனா மாத்திடுங்க. யோசிச்சிக்கினு நிக்காதீங்க."

அவர் சிரித்தார்.

நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. சலவைச் சட்டையில் மாணிக்கவாசகம் தெரிந்ததும் பாஷா வீட்டுக் கூடமே கைதட்டியது. கேட்டதற்கெல்லாம், பென்சிலுக்கு இடமே கொடுக்காமல், டக்டக்கென்று பதில் சொன்னார். கங்கையம்மாளுக்குப் பெருமையாக இருந்தது. கடைசிக் கேள்வி, பாலாறு எங்கே உற்பத்தியாகிறது?

"நந்தி மலை" என்றார் மாணிக்கவாசகம்.

பென்சில் மேஜையில் தட்டியது. அவர் நிமிரவில்லை. தறிக்குழியில் குனிவது போலவே குனிந்து, "இல்லீங்க, குடகு" என்றார்.

முதலில் சொன்னதுதான் சரி என்று கோட்டுக்காரர் வருத்தமாகச் சொன்னார். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பாலாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனுக்குப் பாலாறு தெரியவில்லையாம். கங்கையம்மாள் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக்காரர் அடுத்த ஆளிடம் போனார். அந்த ஆள் சரியாகச் சொன்னதற்கும் இவர் தட்டினார். தப்பாகச் சொன்னதற்கும் தட்டினார். அவர் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே இருந்தார். அது வெறும் பழக்கம். இத்தனை வாரமும் இவள்தான் தனக்கு வேண்டிய தட்டை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் வந்தவர் நேராகத் தறியில் இறங்கினார். வழியெல்லாம் பாலாற்றைப் பற்றி விசாரித்திருப்பார்கள், முகமே சொன்னது. அவள் காபியை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், அந்தக் கோட்டுக்காரன் வேண்டுமென்றே ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பித்தாள்.

"அவன் மேல தப்பில்ல" என்றார் அவர். "பதில் எனக்குத் தெரியும். நீ சொன்னதையும் நான் நம்பல. ஆனா தட்டு கேட்டதும் தானா பிரிச்சிட்டேன். உன் தட்ட நான் என்னிக்காவது சந்தேகப்பட்டிருக்கேனா, கங்கா?"

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தறி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு இழை தப்பியது. நாடாவைத் தூக்கினாள், கட்டைக்குக் கொண்டுபோனாள், கை வரவில்லை. சேலை தப்போடு நகர்ந்துகொண்டிருந்தது.

மாணிக்கவாசகம் தறியை நிறுத்தி, முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தட்டு, கங்கா" என்றார்.