நாற்பது பொய் மெஷின்களும் ஒரு வேலைக் கடிதமும்

ஊரார் விருப்பு வெறுப்புகளைக் கணினிக்குள் பதிந்து வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற பிழைப்பு ஒன்று உண்டு. "முந்தி இருந்ததே நல்லா இருந்துச்சே, ஏன் மாத்தினீங்க?" என்று ஒரு நாளாவது பேச்சு வாங்கியவராக நீங்கள் இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

கண்டியில் ஒரு மென்பொருள் சோதனைக்கூடம். ஒரு நிஜக் கணினிக்குள் நாலைந்து பொய்க் கணினிகளை ஓடவிட்டு, புது மென்பொருளை அதில் ஏற்றிப் படாத பாடு படுத்துவார்கள். கெட்டாலும் பொய்தானே கெடும். அந்தப் பொய் மெஷின்கள் நாற்பதையும் அவரவர் விருப்பப்படி அமைத்துக் கொடுப்பது என் வேலை. முதல் ஆறு மாதம் தற்காலிகம். பிறகு, தலைவர் நௌஷாத் சேர் மனம் வைத்துக் கடிதம் கொடுத்தால் நிரந்தரம்.

சண்டை மறுபடி தொடங்கியிருந்த நேரம். தெல்தோட்டையிலிருந்து நான் வரும் பஸ்ஸைத் தினமும் பேராதனைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். "எங்கே வேலை? கடிதம் எங்கே?" என்று சிப்பாய் கேட்பார். கடிதம் இல்லாத நான் ஓரமாக நிற்பேன், பஸ் போய்விடும். எனக்கு அந்தக் கடிதம் சம்பளத்தைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே வராத மவுஸ்

பொய் மெஷினுக்குள் ஒரு தடவை கிளிக் செய்தால் மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை வெளியே எடுக்க இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த விசைகள் வேறு வேலைக்கும் தேவைப்பட்டதால், ஒரு திங்கட்கிழமை எல்லா மெஷினிலும் வேறு விசைகளை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, என் சாமர்த்தியம் அப்படி.

முதலில் மாட்டியவர் யோகன் அண்ணா. கிளிநொச்சிக்காரர், எங்கள் பரிசோதகர்களில் மூத்தவர். மவுஸை இழுத்தார், தூக்கினார், மேசையில் தட்டினார். கடைசியில் கணினியையே நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தார். முகத்தில் கோபமே இல்லை. "சோதனைச் சாவடியில எண்டாலும் கொஞ்ச நேரத்தில போகச் சொல்லுவாங்கள், தங்கச்சி. உம்மட மெஷின் ஆளை விடுதே இல்லை."

சென்னைக்குப் போன மெஷின்கள்

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டோடு நாட்டின் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்தார்கள். மனிதர்கள் மாற்றிக்கொண்டார்கள். மெஷின்களுக்கு யார் சொல்வது? இலங்கை என்று தெரிவு செய்தால் பழைய நேரத்தையே காட்டின. கையால் திருத்தினாலும் சற்று நேரத்தில் பழையபடி ஓடின. ஊர்களின் நேரப் பட்டியலில் தேடினேன், புது நேரம் சென்னைக்கு நேரே இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களைக் கேட்காமலே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நானும் கேட்காமல் நாற்பது மெஷின்களை ஒரே காலையில் அனுப்பிவைத்தேன்.

"எல்லா மெஷினும் ஏன் புள்ள இந்தியாவில ஈக்கி?" என்று நௌஷாத் சேர் ஓடிவந்தார். தட்டுத்தடுமாறி விளக்கினேன். பக்கத்தில் யோகன் அண்ணா சிரிக்கத் தொடங்கினார். முன்பு அந்த அரை மணியை அரசாங்கம் கூட்டியபோது, புலிகளின் கையில் இருந்த அவரது வன்னியில் யாரும் கூட்டவில்லையாம். "எங்கட பக்கம் மணிக்கூட்டை மாத்தவே இல்லை, சேர். நாங்கள் நிண்ட இடத்திலதான் நிக்கிறம், நாடுதான் இப்ப திரும்பி வந்து சேர்ந்திருக்கு."

சேர் போடாத கண்ணாடி

சேருக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது. பொய் மெஷின் சின்னச் சட்டத்துக்குள் தெரிவது கண்ணைக் குத்துகிறது என்றார். திறந்ததும் திரை முழுவதும் நிரம்பும்படி அமைத்தேன். இரண்டு நாளில் அடுத்த குறை வந்தது. நேற்றைய குப்பை இன்றும் கிடக்கிறதாம். மூடும்போதெல்லாம் முதல் நாளின் சுத்தமான நிலைக்கே திரும்பும்படி அதையும் அமைத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. சேர் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கும் மனம் குளிர்ந்தது. "மாஷா அல்லாஹ்! இப்ப எது நெச மெஷின், எது பொய் மெஷின்னே வெளங்குதில்ல புள்ள."

துடைத்த கடிதம்

வெள்ளிக்கிழமை சேர் என் கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தார். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அச்செடுத்துத் தருவதாகச் சொல்லி, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து தேடினால் கடிதம் இல்லை. யோகன் அண்ணா தேடினார், நானும் தேடினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. திரை முழுவதும் நிரம்பியிருந்த பொய் மெஷினை நிஜம் என்று நம்பி, சேர் அதிலேயே அடித்து, அதிலேயே சேமித்து, மூடியும் விட்டார். நான் அமைத்தபடியே அது ஒரு எழுத்து மிச்சமில்லாமல் துடைத்துவிட்டது.

உண்மையைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேர் அலுமாரியைத் திறந்து கம்பனியின் கடிதத்தாள் ஒன்றை எடுத்தார். சிப்பாய்க்கு விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே, சட்டைப் பைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். "இனி ஒங்கட மெஷின நம்ப ஏலா. ஆனா நீங்க செஞ்ச வேல செரியாத்தான் ஈக்கி, அதையும் இதில எழுதீக்கேன்."

பேராதனையில்

திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி, கேட்கும் முன்பே கடிதத்தை நீட்டினேன். ஆறு மாதமாக என்னை ஓரம் நிறுத்திய அதே சிப்பாய். மெதுவாக முழுவதும் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முத்திரையை விரலால் தேய்த்தும் பார்த்தார். அச்சடிக்காத கடிதம் செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் மடித்துத் திருப்பித் தந்தார், சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தங்கச்சி முறை வைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "நங்கி, கம்பியூட்டர் கம்பனியில் ஒரு கம்பியூட்டர்கூட இல்லையா? சரி, ஓடுங்க, பஸ் நிற்கிறது."

நாற்பது மெஷின்களில் ஊரார் விருப்பத்தையெல்லாம் அமைத்துக் கொடுத்த எனக்கு, என்னுடைய ஒரே விருப்பத்தை அமைத்துக் கொடுத்தது நௌஷாத் சேரின் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாதான்.