செவலைக்குப் பார்த்த காளை

ஏரலுக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டின கடைசி வீடு மாசானத்துடையது. அந்த வீட்டில் இரண்டு உயிர். ஒன்று அறுபத்தொரு வயது மாசானம். இன்னொன்று எட்டு வயதுப் பசு, செவலை. ஜெர்சிக் கலப்பு. செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் ஒரு கைப்பிடி வெள்ளை.

மனைவி இசக்கிச்செல்வி திருப்பூரில் இருக்கிறாள். சண்டை ஒன்றும் இல்லை. மகளுக்கும் மருமகனுக்கும் பனியன் கம்பெனியில் வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. நாலு வருஷம் ஓடிவிட்டது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்ட்டியளா?"

"இனிதான்."

"என்ன கொழம்பு?"

"நேத்து வச்சது கெடக்கு."

"அந்த மாட்டைக் குடுத்துட்டு இங்கன வந்தா என்னவாம்?"

"இந்த ஒரு கண்ணுக்குட்டியைப் பாத்துட்டு வந்துருதேன்ளா."

மூன்று வருஷமாக இதே பதில். மாசி மாதம் இசக்கிச்செல்வி ஒரு கெடு வைத்துவிட்டாள். "சித்திரை பொறக்கதுக்குள்ள செனை நின்னா இருங்க. நிக்கலன்னா வித்துப்போட்டு பஸ் ஏறிருங்க. சரிதானா?"

"சரி" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை மாசானம். அதுதான் இப்போது கழுத்துக்கு வந்திருக்கிறது. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. சித்திரைக்கு முன்னால் போட்டு, நின்றதா என்று தெரிந்துகொள்ள இன்னும் ஒரு பருவம்தான் பாக்கி.

திருப்பூர் அவருக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்குப் போயிருக்கிறார். நாலாவது மாடி. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனபின், இசக்கிச்செல்வியும் சின்னப் பேரப்பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார். ஐந்து நாள் நின்றார். இங்கேயும் பேச ஆள் கிடையாதுதான். ஆனால் இங்கே காலையில் எழுந்ததும் ஒரு உயிர் அவர் முகத்தைப் பார்த்துக் கத்தும்.

அது என்ன அப்படி ஒரு கன்று? வருஷா வருஷம் கால்நடை முகாமில் கிடாரிக் கன்றுகளை, பெண் கன்றுகளை மட்டும், வரிசையாக நிறுத்துவார்கள். டாக்டர்கள் பார்த்து, நல்ல கன்றுக்கு எவர்சில்வர் குடம் கொடுப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செவலையின் கன்று இரண்டாவதாக வந்தது. டாக்டர் அதன் முதுகில் கையை வைத்து, "இங்கன கொஞ்சம் பள்ளம்" என்றார். நியாயமான தீர்ப்பு. செவலைக்கே முதுகு பள்ளம்தான். பின்னங்கால் முட்டியும் நடக்கும்போது லேசாகத் தட்டும். பால் குறைவில்லை, மடி நல்ல மடி. முதுகும் காலும்தான் குறை. ஆகவே முதுகு நேரான, பின்னங்கால் அகலமான ஒரு காளை சேர்ந்தால் கன்று முதலில் நிற்கும். ஊரில் எல்லாரும் பாலை வைத்துக் காளை பார்ப்பார்கள். மாசானம் பசுவின் குறையை வைத்துக் காளை பார்ப்பார்.

இது அவருக்குத் துறைமுகத்தில் கிடைத்த பாடம். முப்பது வருஷம் கப்பலின் அடித்தளத்தில் இறங்கி மூட்டை அடுக்கினவர். ஒரு தடவை மரக்கட்டை ஏற்றி வந்த கப்பலில் பிரான்ஸ்காரன் ஒருத்தன், பர்சிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினான். பெண்டாட்டி படமாக்கும் என்று பார்த்தால், வெள்ளை மாடு. நம்ம ஊர் மாடு மூன்றைச் சேர்த்துக் கட்டின அகலம். கழுத்தில் ரிப்பன். "சாரோலே, சாரோலே" என்றான், மாட்டு இனத்தின் பேர் போல. பாஷை தெரியாது. தன் உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, போட்டோவில் முதுகின் மேல் வைத்துக் காட்டினான். பிறகு இரண்டு கையையும் விரித்துப் பின்னங்கால் நிற்கிற விதத்தைக் காட்டினான். அவ்வளவுதான் பேச்சு. மாசானம் அதை மறக்கவில்லை.

துறைமுகத்தில் கிடைத்த இன்னொரு பழக்கம், மார்க்கைப் படிப்பது. முந்திரிக்கொட்டை மூட்டையானாலும் உரமானாலும் மேலே எழுதியிருக்கிற மார்க்கையும் நம்பரையும் படிக்காமல் கை வைக்கமாட்டார். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சினை ஊசி மருந்து வருகிற குழலிலும் நம்பர் இருக்கிறது, எந்தக் காளையுடையது என்று. யார் பார்க்கிறார்கள்? மாசானம் பார்ப்பார். பார்த்து, தொழுவத்துக் கல்தூணில் சிவப்புப் பெயிண்டால் எழுதியும் வைப்பார். செவலையின் அம்மாவுக்குப் போட்டது முதல் எல்லா நம்பரும் அந்தத் தூணில் இருக்கிறது.

பங்குனி நாலாம் தேதி சாயங்காலம் செவலை கத்த ஆரம்பித்தது. தீவனத்தில் வாய் வைக்கவில்லை. பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழும்பு இறங்கியது, பருவத்துக்கு வந்துவிட்டது. மாசானம் உடனே போன் போட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குக் கால்நடை ஆய்வாளர் முத்துச்செல்வி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மருந்து உறைந்திருக்கிற கேனைத் திறந்தாள். புகை கிளம்பியது. மெல்லிசான குழல் ஒன்றை இடுக்கியால் எடுத்து வெந்நீரில் போட்டாள்.

"எந்தக் காளைம்மா?"

"ஜெர்சி அண்ணாச்சி. நல்ல காளை."

"நம்பரு?"

முத்துச்செல்வி சிரித்துவிட்டாள். "பொண்ணுக்கு மாப்பிள பாக்கவங்க கூட இம்புட்டு ஜாதகம் கேக்க மாட்டாவ." என்றாலும் குழலைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "நாலு நாலு ஒண்ணு ஏழு. போதுமா?"

மாசானம் தூணைப் பார்த்தார். பார்க்கவே வேண்டாம், அவருக்கு மனப்பாடம். மேலிருந்து இரண்டாவது வரி. 4417.

"வேண்டாம்மா."

"என்னது வேண்டாம்?"

"அது இவளுக்கு அப்பன்."

முத்துச்செல்வி தூணைப் பார்த்தாள், குழலைப் பார்த்தாள். "அந்தக் காளை செத்தே போயிருக்குமே அண்ணாச்சி."

"காளை செத்துரும். ஊசி சாகாது. ஒங்க கேனுல கெடக்கே."

"சரிதான். தப்புதான். நான் வேற எடுத்துருவேன். ஆனா இப்பம் ஜெர்சி இது மட்டுந்தான் இருக்கு. புதுசு வர பத்து நாளாவும்." குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குள்ள இப்பிடி எத்தனையோ நடந்துருக்கும் அண்ணாச்சி. யாரு கண்டா?"

"நான் கண்டுட்டம்லா."

அவள் குழலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கை கழுவினாள். பாவம், அவள் மேல் கோபமில்லை. ஸ்கூட்டரை எடுக்கும்போது சொன்னாள்: "மத்தியானத்துக்கு மேல போனா பருவம் தப்பிரும். பாண்டியராஜ் அண்ணாச்சி வீட்டுல ஜெர்சிக் காளை நிக்கி. ஓசூர்ப் பக்கத்துல இருந்து கொண்டாந்தது. போய்க் கேளுங்களேன்."

விஷயம் தெரியாமல் சொல்கிறாள். வேறு ஊர்க்காரி.

பாண்டியராஜிடம் மாசானம் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே கும்பலில் மூட்டை தூக்கினவர்கள். ஒரு தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். கூலிப் பிரச்சினையில் நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. முப்பத்திமூன்றாவது நாள் பாண்டியராஜ் விடியுமுன் லாரியில் ஏறி வேலைக்குப் போய்விட்டான். அவனுக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். மற்ற இருநூறு பேருக்கும்தான் இருந்தது. அவன் செய்தது தப்பு. அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. அன்று வெட்டின பேச்சுதான். அந்த முகாமில் எவர்சில்வர் குடம் வாங்கினதும் அவனுடைய கன்றுதான்.

மாசானம் தொழுவத்தில் நின்றார். செவலை மறுபடி கத்தியது. போகாவிட்டால் பஸ். போனால் அவன் வாசல். பதினோரு மணிக்குத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

வாய்க்கால் கரையில் வாழைத் தோட்டம் வழியாக ஒரு மைல். பாண்டியராஜ் வீட்டில் எப்போதும் சத்தம். டிவி ஓடுகிறது, மருமகள்கள் பேசுகிறார்கள், பன்னிரண்டு மாடு அசை போடுகிறது. வேப்பமரத்தடியில் காளை நின்றது. மாசானம் அதன் முதுகைத்தான் முதலில் பார்த்தார். பலகை போட்டது மாதிரி இருந்தது. பின்னங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு மூட்டையை வைக்கலாம்.

பாண்டியராஜ் தவிட்டு வாளியோடு வந்தவன், நின்றுவிட்டான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாசானம் செவலையின் கழுத்தைத் தடவினார்.

"ஏ செவல, இந்தக் காளைக்கு அப்பன் நம்பரு தெரியுமான்னு கேளு."

பாண்டியராஜ் வாளியைக் கீழே வைத்தான். காளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "ஏலே ராசா, வந்துருக்கவரு நம்பரு பாக்காம மூட்டையே தொட மாட்டாரு. போய்ச் சீட்டை எடுத்துட்டு வாரேன்னு சொல்லு."

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான். அதைக் காளையின் முதுகில் வைத்தான், தட்டு மாதிரி. மாசானம் எடுத்துப் படித்தார். அப்பன், அம்மா, அப்பனுக்கு அப்பன். ஒன்றும் தூணில் இருக்கிற நம்பர் இல்லை. உறையைத் திரும்பக் காளை முதுகிலேயே வைத்தார். அது சரியாமல் நின்றது.

"சரின்னு சொல்லு, செவல."

வேலை இரண்டு நிமிஷம்தான். செவலை அசையாமல் நின்று கொடுத்தது. மாசானம் கயிற்றைப் பிடித்திருந்தார். காளையின் கயிறு பாண்டியராஜ் கையில். முடிந்தபின் பாண்டியராஜ் காளைக்குத் தவிடு வைத்துக்கொண்டே சொன்னான்: "கூழு கெடக்கு, ஒரு வாய் குடிச்சுட்டுப் போவச் சொல்லுலே ராசா. வெயிலு."

"வேலை கெடக்குன்னு சொல்லு, செவல."

"என்ன வேலையாம்? ஒத்தையில கெடந்து சொவத்தப் பாக்க வேலையா?"

மாசானம் செவலையைத் திருப்பினார். கயிற்றைச் சுண்டிக்கொண்டு நடந்தார். பின்னால் டிவியில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். இந்தக் காளைக்குக் குழல் கிடையாது, நம்பரும் கிடையாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூணில் கடைசி வரிக்குக் கீழே 'பாண்டி காளை' என்று எழுதினார். பத்தொன்பது வருஷமாக வாயில் வராத பெயர். எழுத்து கோணலாக வந்தது. விட்டுவிட்டார்.

பிறகு இருபத்தோரு நாள். பசு சினை நிற்கவில்லை என்றால் இருபத்தோராம் நாள் வாக்கில் திரும்பக் கத்தும். மாசானம் ஏரல் சந்தைக்குக்கூடப் போகவில்லை. இருபதாம் நாள் செவலை ஒரு தடவை தலையைத் தூக்கியது. மாசானம் ஓடி வந்து பார்த்தார். வாய்க்காலில் போன எருமையைத்தான் பார்த்திருக்கிறது. இருபத்தொன்று, சத்தமில்லை. இருபத்திரண்டு, இல்லை.

இருபத்திமூன்றாம் நாள் காலையில் வீட்டுக்கு முன்னால் ஒரு பைக் வேகம் குறைந்தது. பாண்டியராஜ். காலை ஊன்றிக்கொண்டு தொழுவத்தைப் பார்த்துக் கேட்டான்:

"ஏ செவல, கத்துனியா?"

"கத்தலன்னு சொல்லு."

"கெடாரிதான் போடும்னு சொல்லு. முகாம்ல பாப்போம்னும் சொல்லு." பைக் போய்விட்டது.

பைக்கின் புகை அடங்குகிறவரை மாசானம் தொழுவத்து வாசலிலேயே நின்றார். நாலு வருஷத்தில் பால்காரனும் ஆய்வாளரும் தவிர வாசலில் நின்று பேசின முதல் ஆள். அதுவும் மாட்டோடு.

சாயங்காலம் போன் வந்தது.

"சாப்ட்டியளா?"

"ஏளா, செனை நின்னுட்டு."

அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏதோ சண்டை போடுவது கேட்டது. குக்கர் விசில் அடித்தது.

"நல்லாத் தெரியுமா?"

"மூணு மாசத்துல டாக்டரம்மா பாத்து உறுதி சொல்லும். ஆனா நின்னுட்டு. எனக்குத் தெரியும்லா. முதுகு அப்பிடி நேரான காளைளா, பலகை மாதிரி. மேல சீட்டை வச்சா விழ மாட்டேங்கு."

"மார்கழியில ஈனுமா?"

"மார்கழிதான்."

"பொறவு கண்ணு வளரணும். முகாமுக்குக் கொண்டு போணும்."

"ஆமா."

கெடு வைத்தவள் அவள்தான். ஜெயித்தவர் இவர்தான். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

"சரி, இருங்க" என்றாள். பிறகு, "என்ன கொழம்பு?"

"இனிமேத்தான் வைக்கணும்."

"புளியைக் கொஞ்சமாப் போடுங்க. ஒங்களுக்கு ஆவாது."

போனை வைத்துவிட்டாள். மாசானம் அடுப்பங்கரைக்குள் போய்ப் புளி டப்பாவை எடுத்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு புளி என்று நாலு வருஷமாகியும் கைக்குப் பிடிபடவில்லை. எப்போதும் இரண்டு ஆளுக்கு வைத்து, மறுநாளும் அதையே சாப்பிடுகிறார்.