ஓடும்போதே உருவலாம்

வீடியோக்காரர் வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறதாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருப்பதை உருவினாலும் அதற்கு உயிர் போகாதாம். சலூனில் கிளம்பிய பேச்சு, மருந்துக்கடையைத் தாண்டுவதற்குள் கை கால் முளைத்து, "அடிச்சாலும் சாகாதாம்" என்று ஆகிவிட்டது. நிஜம்தானா என்று ஒவ்வொரு வாயாக விசாரித்துக்கொண்டே போனால், கடைசி வாய் வீடியோக்காரருடையதாகவே இருந்தது.

கல்யாணங்களைப் படம்பிடித்துப் பிழைக்கிறவர். எடுத்ததெல்லாம் அந்தப் பெட்டியில், இழுப்பறை மாதிரி ட்ரேக்களில் செருகிய நான்கு ஹார்டு டிஸ்க்குகளில் பரவிக் கிடக்கும். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் கணக்கையும் ஒப்பித்துவிடும். செத்ததை ட்ரேயோடு உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். பெட்டியை நிறுத்தவே வேண்டாம். ஆபத்துக்காக வைத்த இந்த வசதியை அவர் விருந்தோம்பலுக்கு எடுத்துக்கொண்டார். வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் டிவியில் ஒரு கல்யாணம் ஓடும். "எந்த ட்ரேன்னு நீங்களே சொல்லுங்க" என்பார். சொன்னதைச் சரக்கென்று உருவுவார். டிவியில் மணப்பெண் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள். ட்ரேயைத் திரும்பச் செருகுவார். விருந்தாளி காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். பெட்டிதான் பாவம், விட்ட இடத்தை எழுதிச் சேர்க்க ராத்திரியெல்லாம் முனகும்.

ட்ரேக்களில் ஒட்டச் சொல்லி நம்பர் ஸ்டிக்கர்கள் வந்திருந்தன. முகப்பின் அழகு கெடும் என்று அவர் ஒட்டவில்லை.

ஒரு காலையில் எந்த வீடியோவும் திறக்கவில்லை. டிவியில் வட்டம் மட்டும் சுற்றியது. ஒரு டிஸ்க் சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் மற்ற மூன்றையும் சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரருக்குக் கைகால் ஆடவில்லை. உள்ளே ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா ஆடியிருந்தார். போன வாரம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். "அப்பா ஆடினது மட்டும் கெடச்சாப் போதும்ணே" என்று அந்தப் பெண் தினமும் போன் செய்கிறாள். கேமரா கார்டையோ அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

மச்சான் வீட்டுக்கு ஓடினார். மனைவியின் தம்பியான அவன் தனக்கென்று வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த டிஸ்க்கைக் கேட்டார். "அடுத்த வாரமே திருப்பித் தரேன் மச்சான்" என்று வாங்கி வந்து பெட்டிமுன் உட்கார்ந்தவர், உட்கார்ந்தே இருந்தார்.

பல் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிய மனைவி நின்றாள். "என்னங்க, விருந்தாளி வந்தா கண்ண மூடிட்டு உருவுவீங்களே?"

"அப்ப நாலும் நல்லா இருந்துச்சு. இப்ப தப்பா ஒண்ண உருவினா ரெண்டு போச்சு. ரெண்டு போனா எல்லாம் போச்சு."

"எதுன்னு மெஷின் சொல்லாதா?"

"நம்பர் சொல்லுது. நம்பர் டிஸ்க் முதுகுல இருக்கு. டிஸ்க் உள்ள இருக்கு."

"விளக்கு எரியுதே?"

"கரண்ட் வந்தாலே எரியும் அது. நாலும் பச்சை."

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. முதல் ட்ரேயில் விரல் வைத்தார். எடுத்தார். மூன்றாவதில் வைத்தார். அதையும் எடுத்தார்.

"எங்க டாக்டர் கூட எந்தப் பல்லுன்னு தெரியாம புடுங்குற கொறட்டைத் தொட மாட்டாரு. பேசாம ஆஃப் பண்ணிட்டு, எல்லாத்தையும் எடுத்து நம்பர் பாருங்களேன்."

"ஆஃப் பண்ணவா? இது ஓடும்போதே..."

"இப்ப யாரு கைதட்ட வந்திருக்கா?"

அவமானத்தைவிடப் பயம் பெரியதாக இருந்தது. நிறுத்தினார். விசிறிச் சத்தம் அடங்கியதும் வீடே செத்த மாதிரி ஆகிவிட்டது. நிறுத்தினது எழுந்திருக்குமா? ட்ரேக்களை மேசைமேல் வரிசையாக வைத்து முதுகு முதுகாகப் படித்தார். நோயாளி மூன்றாவதாக இருந்தது. இதிலே வேடிக்கை, கடைசியாக விரல் வைத்த இடம் சரிதான். மற்ற மூன்றையும் இருந்த இடத்திலேயே வைத்து, மச்சானின் டிஸ்க்கை நோயாளியின் இடத்தில் செருகிப் பொத்தானை அமுக்கினார். ஒன்றுமில்லை. "ஐயோ" என்றார். விசிறி இருமியது. விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன.

டிவியில் அந்த அப்பா தாளம் தப்பி, கைக்குட்டையை வீசிக்கொண்டு ஆடினார். மனைவிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆட்டம் முடியும் வரை நின்றாள். அந்தத் துண்டை உடனே வெட்டிப் பெண்ணுக்கு அனுப்பினார். பெட்டியை நிறுத்திய சேதி வாசற்படி தாண்டக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வாரம் முடிந்ததும் மச்சான் வந்தான். "மாமா, என் டிஸ்க்?"

"அது உள்ள சேந்துபோச்சு மச்சான். அதே சைஸ் கடையிலயும் இல்ல. வந்ததும் புதுசா வாங்கித் தரேன்."

"புதுசு எதுக்கு? நீங்கதான் ஓடும்போதே உருவுவீங்களே! ஞாயித்துக்கிழமை என் சிநேகிதங்களக் கூட்டிட்டு வரேன். அவங்க முன்னாடியே உருவிக் குடுங்க."

உருவிக் கொடுத்துவிட்டால், அப்புறம் இன்னொன்று செத்தாலே எல்லாம் போச்சு. டிஸ்க் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வீடியோக்காரருக்கு எங்காவது ஒரு வெளியூர்க் கல்யாணம் வந்துவிடுகிறது.